வட்ஸ்அப்பில் புதைந்துபோகும் பாடக் கேள்விகள்: வளாகத்துக்குத் தனிச் சமூக வலை எது, எப்படி?

கோணேசபுரி எழுதியது:

வணக்கம். இரண்டாம் வருடத்தில் 120 பேர் படிக்கும் புள்ளிவிபரவியல் பாடத்துக்கு ஒரு தனிச் சமூக வலை அமைக்க வேண்டும். குறிப்புகளும் ஒப்படைகளும் மூடில் என்ற வளாகக் கற்றல் தளத்தில் ஒழுங்காக இருக்கின்றன. பேச்சு மட்டும் வட்ஸ்அப் குழுவில் நடக்கிறது. காலையில் கேட்ட கேள்வி மத்தியானத்துக்குள் "ஹோல் மாறிட்டுது", "நாளைக்கு லெக்சர் இருக்கா" என்பவற்றின் அடியில் போய்விடுகிறது. மூன்று நாள் கழித்து இன்னொருவர் அதையே கேட்கிறார்.

வெளியாட்கள் பார்க்க முடியாததாக இருக்க வேண்டும். மாணவர்களின் போன் நம்பர் ஒருவருக்கொருவர் தெரியக்கூடாது. பழைய கேள்வியைத் தேடினால் கிடைக்க வேண்டும். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஓட வேண்டும். மூதூர், குச்சவெளி, கந்தளாய்ப் பக்கம் வீட்டிலிருந்து முற்கொடுப்பனவு டேட்டாவில் பார்ப்பவர்களுக்குச் செலவு ஏறக்கூடாது. எந்த மென்பொருள், சேர்வர் வளாகத்துக்குள்ளேயா வெளியேயா, முதல் மாதம் எப்படி நடத்துவது: தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

சேர்வர்மூலை எழுதியது:

மென்பொருளின் பெயரைப் பார்க்கும் முன், பேச்சு எந்த வடிவில் ஓட வேண்டும் என்று தீர்மானியுங்கள் சேர். பேஸ்புக் மாதிரிப் புதிய பதிவு மேலே வந்து பழையது கீழே போகும் ஓடை ஒரு வகை. ஒவ்வொரு கேள்விக்கும் தனித் தலைப்பு இருக்கும் வகை இன்னொன்று.

ஓடை வகையில் ஹம்ஹப் என்ற மென்பொருள் நல்லது. பிஎச்பி மொழியும் மரியாடிபி தரவுத்தளமும் உள்ள சேர்வர் போதும். பாடத்துக்கு ஒரு 'ஸ்பேஸ்' திறந்து, அழைப்பு இல்லாமல் யாரும் சேரமுடியாதபடி பூட்டலாம். எல்க் என்ற இன்னொரு மென்பொருள் 2004இல் கல்விக்கென்றே தொடங்கியது. ஒவ்வொரு பதிவையும் யார் பார்க்கலாம் என்று தனித்தனியாகக் குறிக்கலாம் என்பது அதன் பலம். வேர்ட்பிரஸ் கையாளத் தெரிந்தவர் இருந்தால் படிபிரஸ் உண்டு. ஆனால் பிளகின்களை வாரா வாரம் புதுப்பிக்க ஒருவர் இல்லையென்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். கைவிடப்பட்ட பிளகின் வழியாகத்தான் ஊடுருவுபவர்கள் பெரும்பாலும் உள்ளே வருவார்கள்.

உங்கள் பாடத்துக்கு என் தெரிவு இரண்டாம் வகையைச் சேர்ந்த சூலிப் என்ற மென்பொருள். அதில் சனலுக்குள் தலைப்பு, தலைப்புக்குள் பேச்சு. கேள்வி தீர்ந்ததும் தலைப்பில் 'தீர்ந்தது' என்று சரி அடையாளம் போடலாம். சமன்பாட்டை முன்னும் பின்னும் இரண்டிரண்டு டொலர் குறி ($$) போட்டு லேடெக் என்ற கணித எழுத்து முறையில் எழுதினால் அச்சில் வருவதுபோல் தெரியும். புள்ளிவிபரவியலுக்கு இது பெரிய விஷயம், போனில் எடுத்த மங்கலான கொப்பிப் படங்கள் பாதி குறையும்.

இயந்திரம்: 100 பேருக்கு மேல் என்றால் 2 சிபியு, 4 ஜிபி ரம், 50 ஜிபி டிஸ்க், உபுண்டு 24.04. 2 ஜிபியில் ஓட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இன்ஸ்டோல் ஆகும், ஆனால் பரீட்சைக்கு முதல் கிழமை எல்லாரும் ஒரே நேரத்தில் வரும்போது மூச்சு வாங்கும்.

கிண்ணியாப்பாலம் எழுதியது:

எல்லாருடைய போனிலும் வட்ஸ்அப் இருக்கிறது. இன்னொரு செயலி, இன்னொரு பாஸ்வேர்ட் என்று கொடுத்தால் முதல் இரண்டு கிழமை வருவார்கள், ஐந்தாம் கிழமை யாரும் இருக்கமாட்டார்கள். மூடிலிலேயே கலந்துரையாடல் பகுதி இருக்கிறதே, அதைத் திறந்துவிட்டால் என்ன? புதிய வீடு கட்டுவதற்கு முன் இருக்கிற வீட்டைக் கூட்டிப் பார்க்கலாம் என்பதே என் கருத்து.

வெந்நீரூற்று எழுதியது:

கிண்ணியாப்பாலம் நானா சொல்வதில் பாதி சரி. ஐந்தாம் கிழமை வெறிச்சோடுவது உண்மையில் நடப்பதுதான், காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். மூடில் கலந்துரையாடல் எடுபடாததற்கு ஒரு சின்னக் காரணம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. பதிவைத் திருத்த மூடில் இயல்பாக 30 நிமிட அவகாசம் தருகிறது. அது முடிந்த பிறகுதான் மற்றவர்களுக்கு மின்னஞ்சல் புறப்படும். கேள்வி கேட்டவர் அரை மணி நேரம் பதிலில்லாமல் பார்த்துவிட்டு வட்ஸ்அப்பிற்கே திரும்பிவிடுவார். நிர்வாகி அந்த அவகாசத்தை 5 நிமிடமாகக் குறைத்தால் மூடிலே ஓரளவு உயிர் பெறும். புதிதாக எதுவும் நிறுவ வசதியில்லாத துறைகள் இதிலிருந்து தொடங்கலாம்.

ஆனால் கோணேசபுரி சேர் கேட்டது வேறு. மாணவர் ஒருவரோடொருவர் பேசிக் கற்கும் இடம். கரிசன், அன்டர்சன், ஆர்ச்சர் மூவரும் 2000இல் வைத்த 'விசாரணைச் சமூகம்' என்ற கட்டமைப்பு, இணையவழிக் கற்றலுக்கு மூன்று இருப்புகள் வேண்டும் என்கிறது: சிந்தனை, சமூகம், கற்பித்தல். மூடில் பக்கத்தில் கற்பித்தல் மட்டும் தெரியும், பக்கத்தில் யார் இருக்கிறார் என்ற உணர்வு வராது. வட்ஸ்அப்பில் ஆட்கள் நிறைந்திருப்பார்கள், சிந்தனை நிற்க இடமிருக்காது.

இரண்டாமாண்டு எழுதியது:

மாணவர் பக்கமிருந்து இரண்டு விஷயம் சேர். வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் 120 பேருக்கும் நம்பர் தெரிந்துவிடும். பெண் பிள்ளைகள் பலர் கேள்வி கேட்காமல் இருப்பதற்கு இதுவே காரணம். கேள்வி கேட்டவரின் நம்பருக்கு அன்றிரவே தெரியாதவர்களின் செய்தி வரத் தொடங்கும். அடுத்தது, "இதுகூடத் தெரியாதா" என்ற பயம். 120 பேருக்கு முன்னால் கேட்பதும் 12 பேருக்கு முன்னால் கேட்பதும் ஒன்றல்ல.

டேட்டா பற்றி: எழுத்துக்குச் செலவே இல்லை என்று சொல்லலாம். தின்பது ஸ்கேன் செய்த பிடிஎஃப். 300 டிபிஐ கலரில் 20 பக்கம் எடுத்தால் 30 எம்பியைத் தாண்டும். அதையே 150 டிபிஐ சாம்பல் நிறத்தில் எடுத்தால் சில எம்பியில் அடங்கும், வாசிக்கவும் தெளிவாக இருக்கும். குரல் பதிவென்றால் ஓபஸ் வடிவில் 24 கேபிபிஎஸ் போதும், ஒரு நிமிடம் 180 கேபி. செயலி இறக்குவதையும் முதல் லொகினையும் வளாக வைஃபையில் முடித்துவிட்டால் வீட்டில் செலவு மிகக் குறைவு.

சேர்வர்மூலை எழுதியது:

தம்பி சொன்ன நம்பர் விஷயத்துக்காகவே தனிச் சேர்வர் வைக்கலாம். சூலிப்பில் மின்னஞ்சல் முகவரியைக்கூட நிர்வாகிகளுக்கு மட்டும் தெரியும்படி வைக்க முடியும்.

சேர்வர் உள்ளேயா வெளியேயா? உள்ளே வைத்தால் லேர்ன் என்ற இலங்கைக் கல்வி, ஆய்வு வலையமைப்பின் வழியாகப் போகும். 2020இல் கொரோனா முடக்கத்தின்போது தொலைபேசி நிறுவனங்கள் பல்கலைக்கழகக் கற்றல் சேர்வர்களுக்கான டேட்டாவை இலவசமாக விட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது பாடப்பக்கத்தில் பதித்த யூடியூப் வீடியோவுக்கு அந்தச் சலுகை இருக்கவில்லை, ஏனென்றால் அது வேறு சேர்வர். பொருள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதில் மாணவரின் காசு தங்கியிருக்கிறது. 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் மூன்று தடவையும் நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது பேஸ்புக், வட்ஸ்அப் குழுக்களை மட்டும் நம்பியிருந்த வகுப்புகள் நின்றன. சொந்தப் பெயரில் ஓடும் தளத்தை அந்தத் தடைப் பட்டியல் தொடவில்லை.

உள்ளே வைத்தால் கரண்ட் உங்கள் பொறுப்பு. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது. யூபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. அதன் வேலை சேர்வரை ஒழுங்காக அணைப்பது. யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி வயரைச் சேர்வரில் செருகி, யூபிஎஸ்ஸின் நிலையைக் கவனிக்கும் 'நட்' மென்பொருளைப் போட்டு, பற்றரி 30 சதவீதத்துக்கு வந்ததும் தானே அணையச் சொல்லுங்கள். வயரைச் செருகாமல் யூபிஎஸ்ஸை மட்டும் வாங்கி வைத்துவிட்டு இருந்தால், பற்றரி முடிந்ததும் சேர்வர் இடையில் அறுந்துதான் விழும்.

இன்ஸ்டோல் செய்த பிறகு கைகடிக்கும் நான்கு இடங்களைச் சொல்கிறேன்.

சான்றிதழ். தளம் பாதுகாப்பானது என்று போனுக்குக் காட்டும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாள் செல்லும். அது தானாகப் புதுப்பிக்க 80ஆம் போர்ட் வெளியிலிருந்து திறந்திருக்க வேண்டும். நிறுவும் அன்று திறந்துவிட்டுப் பிறகு ஃபயர்வோலில் மூடிவிடுவார்கள். மூன்றாம் மாதம் ஒரு காலையில் எல்லாப் போனும் 'பாதுகாப்பில்லை' என்று மறுக்கும். 80ஐ நிரந்தரமாகத் திறக்க அனுமதியில்லையென்றால் டிஎன்எஸ் (தளப் பெயர்ப் பதிவேடு) வழிச் சரிபார்ப்புக்கு மாறுங்கள்.

பூட்டு. கணினி ஆய்வுகூடத்தில் 40 பேர் ஒரே நேரத்தில் லொகின் செய்தால் வெளியே அனைவரும் ஒரே ஐபி முகவரியாகத் தெரிவார்கள். சிலர் பாஸ்வேர்டைப் பிழையாக அடித்தாலே, பிழையான லொகின்களைக் கவனிக்கும் ஃபெயில்டூபான் என்ற காவல் மென்பொருள் அந்த ஐபியைத் தடுத்துவிடும். ஆய்வுகூடம் முழுக்க வெளியே நிற்கும், சேர்வர் விழுந்துவிட்டது என்று எல்லாரும் நினைப்பார்கள். வளாகத்தின் பொது ஐபியை அதன் விலக்குப் பட்டியலில் முதலே போட்டுவிடுங்கள்.

அழைப்பு மடல். புதிய டொமைனிலிருந்து 120 அழைப்பை ஒரே அடியாக ஜிமெயிலுக்கு அனுப்பினால் ஸ்பாம் பெட்டிக்குப் போகும். மடல் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை டிஎன்எஸ்ஸில் சேர்த்து, இரண்டு சோதனை மடல் அனுப்பிப் பார்த்து, பிறகு 30 பேராக அனுப்புங்கள். வளாகக் கூகுள் கணக்கு அல்லது எல்டாப் (வளாகத்தின் பொதுப் பயனர் பட்டியல்) வழியாக லொகின் வைத்தால் தனிப் பாஸ்வேர்ட் தொல்லையே வராது. கிண்ணியாப்பாலம் நானா சொன்ன பிரச்சினையில் பாதி அங்கேயே தீரும்.

கோப்பின் அளவு. இது ஹம்ஹப் போடுகிறவர்களுக்கு. என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேர்வர் மென்பொருள் இயல்பாக 1 எம்பிக்கு மேல் ஏற்றவிடாது, 413 பிழை காட்டும். பிஎச்பியில் ஒரு கோப்புக்கு 2 எம்பி, முழுப் படிவத்துக்கு 8 எம்பி. மூன்று இடத்திலும் கூட்டாவிட்டால் ஒன்றைக் கூட்டிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தலையைச் சொறிய வேண்டிவரும். ஹம்ஹப்பில் கிரான் (குறித்த நேரத்தில் தானே ஓடும்) வேலை இரண்டையும் நிமிடத்துக்கொரு தடவை ஓட வையுங்கள். அது ஓடாவிட்டால் தளம் திறக்கும், பதிவு போகும், அறிவித்தல் மட்டும் யாருக்கும் வராது.

இன்னொன்று. சொந்தச் சேர்வரில் ஓடும் சூலிப்பில் போனுக்கு அறிவித்தல் போக, அவர்களுடைய அறிவித்தல் சேவையில் சேர்வரைப் பதிய வேண்டும். இலவச வரம்பு மிகச் சிறியது, கல்வி நிறுவனங்கள் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். முதல் வகுப்புக்கு முன்பே அதைச் செய்யுங்கள். அறிவித்தல் வராத செயலியை மாணவர் திறக்கமாட்டார்.

கிண்ணியாப்பாலம் எழுதியது:

ஏன் இலவச வெளிநாட்டுச் சேவை ஒன்றை எடுக்கக்கூடாது? இந்த யூபிஎஸ், ஃபயர்வோல் தலையிடி எதுவும் இல்லையே.

சேர்வர்மூலை எழுதியது:

எடுக்கலாம் நானா, வெளியேறும் வாசல் எங்கே என்று பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். நிங் 2010இல் இலவச வலைகளை நிறுத்தியது. ஆசிரியர்கள் கட்டிய எத்தனையோ வலைகள் காசு கட்டு அல்லது போ என்ற நிலைக்கு வந்தன. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடியது. உலகம் முழுக்க வகுப்புகளில் ஓடிய எட்மோடோ 2022 செப்டெம்பரில் மூடியது. முழு உரையாடலையும் படங்களோடு ஒரு கோப்பாக இறக்கித் தருமா, அதை வேறு இடத்தில் ஏற்ற முடியுமா? இந்த இரண்டுக்கும் ஆம் என்றால் எடுங்கள்.

வெந்நீரூற்று எழுதியது:

இனி நடத்தும் முறை. மென்பொருளைவிட இங்கேதான் கவிழும்.

120 பேரை ஒரே அறையில் போடவேண்டாம். 12 பேருக்கு ஒரு மூடிய சனலாகப் பத்து. எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. கிழமைப் பயிற்சிப் பேச்சு சின்னச் சனலில், அங்கே தீராதது பொதுச் சனலுக்கு வரும். தம்பி சொன்ன பயத்துக்கு மருந்து இதுதான்.

வட்ஸ்அப் குழுவை மூடச் சொல்லாதீர்கள். மூடவும்மாட்டார்கள். "ஹோல் மாறிட்டுது" அங்கேயே இருக்கட்டும். பாடக் கேள்வி அங்கே வந்தால் பதில் சொல்லாமல், கேட்டவரையே தலைப்பிட்டு இங்கே போடச் சொல்லி, அதன் இணைப்பை அங்கே ஒட்டுங்கள். விரிவுரையாளர் ஒரு தடவை வட்ஸ்அப்பில் பதில் சொல்லிவிட்டால் வழக்கம் உடைந்துவிடும்.

கில்லி சாமன் என்பவரின் ஐந்து படிநிலை மாதிரி இதற்குப் பொருந்தும்: நுழைவது, பழகுவது, தகவல் பரிமாறுவது, சேர்ந்து அறிவைக் கட்டுவது, தானே மேலே போவது. பெரும்பாலான பாடங்கள் முதல் இரண்டு படியைத் தாண்டிக் குதித்து, முதல் நாளே "மத்திய எல்லைத் தேற்றத்தை விவாதிக்க" என்று போடுகின்றன. யாரும் விவாதிக்கமாட்டார்கள். முதல் கிழமை ஆய்வுகூடத்தில் 30 பேராக 45 நிமிடம் வைத்து லொகின், அறிவித்தல், ஒரு படம் ஏற்றுவது, ஒரு சமன்பாடு எழுதுவது. இரண்டாம் கிழமை எல்லாரும் பதில் சொல்லக்கூடிய சின்ன வேலை: வீட்டிலிருந்து வளாகத்துக்கு வர எடுக்கும் நிமிடத்தை ஐந்து நாள் குறித்துப் பதியட்டும். மூன்றாம் கிழமை இடை, இடையம், நியம விலகல் அதே தரவில் படிக்கலாம். கந்தளாயிலிருந்து வருபவரின் எண்ணும் உப்புவெளியிலிருந்து வருபவரின் எண்ணும் ஒரே அட்டவணையில் நிற்கும்போது பரம்பல் கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி கேட்கும் விதத்தையும் கற்றுக்கொடுக்க வேண்டும். "சேர் 3வது விளங்கேல்ல" என்ற தலைப்புக்கு யாராலும் உதவ முடியாது. இப்படி எழுதவேண்டும்:

"பயிற்சி 4, வினா 3. மாதிரி 25 பேர், இடை 48, மாதிரியின் நியம விலகல் 10. 95% நம்பிக்கை ஆயிடை கேட்கிறார்கள். 10ஐ 5ஆல் வகுத்து 2 எடுத்தேன். 1.96ஆல் பெருக்கினால் 44.08 முதல் 51.92 வரை. விடைத்தாளில் 43.87 முதல் 52.13 என்று இருக்கிறது. எங்கே பிழை?"

என்ன கொடுத்தார்கள், என்ன செய்தேன், எங்கே நின்றது. மூன்றும் உண்டு. இதற்கு இன்னொரு மாணவரே பதில் சொல்வார்: குடித்தொகையின் நியம விலகல் தெரியாது, மாதிரியிலிருந்து மதிப்பிட்டிருக்கிறோம், ஆகவே செவ்வன் பரம்பலின் 1.96 அல்ல, சுயாதீனப் படி 24க்கான டீ பரம்பலின் 2.064. இந்த ஒரு தலைப்பு அடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் உதவும்.

இங்கே விரிவுரையாளர் செய்யக்கூடாதது, ஐந்து நிமிடத்தில் ஓடிவந்து பதில் சொல்வது. முதல் இரண்டு கிழமை உடனே சொல்லுங்கள், இடத்தில் ஆள் இருக்கிறது என்று தெரியவேண்டும். பிறகு 24 மணித்தியாலம் விடுங்கள். செவ்வாய், வெள்ளி இரவு 7 முதல் 8 வரை என்று நேரம் அறிவித்து, அந்த நேரத்தில் மட்டும் மிச்சமுள்ளவற்றை முடியுங்கள். நேரம் தவறாமை முக்கியம். இரண்டு வெள்ளி வராமல்விட்டால் மூன்றாம் வெள்ளி கேள்வியும் வராது. நானா சொன்ன ஐந்தாம் கிழமை வெறுமை பெரும்பாலும் இதனால்தான்.

கோணேசபுரி எழுதியது:

மிக்க நன்றி மிஸ். புள்ளி கொடுக்கலாமா? தொடர் மதிப்பீட்டில் 10 சதவீதம் ஒதுக்க இடமிருக்கிறது.

வெந்நீரூற்று எழுதியது:

கொடுக்கலாம் சேர், எண்ணிக்கைக்குக் கொடுக்க வேண்டாம். "கிழமைக்கு மூன்று பதிவு" என்றால் "நல்ல விளக்கம்", "நானும் உடன்படுகிறேன்" என்று நிறையும், அதுவும் ஞாயிறு இரவு 11 மணிக்கு. அரையாண்டு முழுவதற்கும் மூன்று துண்டு கேளுங்கள்: தான் முயன்ற படிகளோடு ஒரு கேள்வி, இன்னொருவருக்குக் காரணம் காட்டிய ஒரு பதில், தீர்ந்த ஒரு தலைப்பின் சுருக்கம் 150 சொல்லில். எதை மதிப்பிட வேண்டும் என்று மாணவரே இணைப்பைத் தரட்டும். உங்களுக்கு 360 துண்டு வாசிக்க வரும், மூவர் பகிர்ந்தால் ஆளுக்கு 120. பேசாமல் வாசித்துப் போகும் பிள்ளைகளைக் குறைவாக எடைபோடாதீர்கள். அவர்களும் கற்கிறார்கள்.

இரண்டாமாண்டு எழுதியது:

முதலாம் வருடத்தவர்களை இந்த வலையில் சேர்ப்பதாக இருந்தால் ஒரு விஷயம் கட்டாயம் யோசிக்க வேண்டும் சேர். சீனியர் மாணவர்கள் அவர்களுடைய பெயரைப் பார்த்து நேரடிச் செய்தி அனுப்ப வழி இருந்தால் பகிடிவதைக்கு ஒரு புதிய கதவு திறந்துவிட்டது என்று அர்த்தம்.

சேர்வர்மூலை எழுதியது:

தம்பி மிக முக்கியமானதைத் தொட்டிருக்கிறார். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் இருக்கிறது, இணையத்தில் நடந்தாலும் துன்புறுத்தல் துன்புறுத்தல்தான். அமைப்பில் செய்யக்கூடியது: சூலிப்பில் நேரடிச் செய்தியை யார் தொடங்கலாம் என்பதை நிர்வாகி வரையறுக்கலாம். முதல் அரையாண்டு முழுவதும் அதை விரிவுரையாளர், உதவியாளர்களுக்கு மட்டும் விடுங்கள். முதலாம் வருடத்துக்கு வேறு தளமே நிறுவுவது இன்னும் நல்லது, உறுப்பினர் பட்டியலே தெரியாது. முறைப்பாட்டை யாரிடம், எந்த வழியில் சொல்வது என்று ஒவ்வொரு சனலின் விளக்கத்திலும் எழுதி வையுங்கள். அந்தப் பொறுப்பை மாணவர் ஒருவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். விரிவுரையாளர் ஒருவரும் சேர்ந்திருக்க வேண்டும், இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

அட்மின் என்ன பார்க்க முடியும் என்பதையும் மறைக்க வேண்டாம். தரவுத்தளத்தைத் தொட முடிந்தவர் நேரடிச் செய்தியையும் வாசிக்க முடியும். எந்தச் சூழ்நிலையில், யாருடைய எழுத்து அனுமதியோடு அது திறக்கப்படும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, சேரும்போதே காட்டுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்த்தாலும் இந்தப் பக்கம் தேவை.

மூலிகைத்தோட்டம் எழுதியது:

சித்த மருத்துவப் பாடங்களுக்கும் இதே அமைப்பு நன்றாகப் பொருந்தும், ஆனால் எங்களுக்குப் படம்தான் பேச்சு. ஒரு செடியைப் பதியும்போது நான்கு படம் என்று விதி வையுங்கள்: முழுச்செடி, இலையின் மேற்பக்கம், இலையின் அடிப்பக்கம், பூ அல்லது காய். பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து எடுக்க வேண்டும். கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து எடுத்த ஒரே படத்தைப் போட்டு "இது கீழாநெல்லியா" என்று கேட்டால் எவராலும் உறுதி சொல்ல முடியாது. இணுக்கைத் திருப்பி அடிப்பக்கம் எடுத்தால் காய் தெரியும். சிறு காம்பில் தொங்கி, மேல் வழுவழுப்பாக இருந்தால் பிலாந்தஸ் அமாரஸ். காம்பே இல்லாததுபோல் ஒட்டி, மேல் சொரசொரப்பாக இருந்தால் செங்கீழாநெல்லி என்ற பிலாந்தஸ் யூரினாரியா. வகுப்பில் ஒரு செடியை 40 பேர் சுற்றி நின்று பார்ப்பதைவிட, அந்த நான்கு படத்தின் கீழ் நடக்கும் வாதம் ஆழமாகப் போகும்.

நோயாளி பற்றிய பேச்சுக்கு வேறு விதி. முகம், பெயர், பதிவிலக்கம், ஊர், வந்த திகதி எதுவும் கூடாது. "50 வயதைக் கடந்த ஆண்" என்ற அளவு போதும். தோல் நோய்ப் படம் என்றால் எழுத்துமூலச் சம்மதம் வாங்கி, பச்சை குத்தியதும் தழும்பும் தெரியாமல் வெட்ட வேண்டும். போன் எடுத்த படத்துக்குள் இடமும் நேரமும் ஒளிந்திருக்கும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும், சொந்தச் சேர்வரில் ஏற்றினால் அப்படியே தங்கலாம். கெமராவில் இட அடையாளத்தை அணைத்துவிட்டு எடுங்கள். ஏற்கெனவே எடுத்ததை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அதை ஏற்றுங்கள்.

கோணேசபுரி எழுதியது:

மொழி பற்றி யாரும் சொல்லவில்லையே. பழைய குறிப்புகள் பல யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. தேடலில் தமிழ் சரியாக வருமா?

சேர்வர்மூலை எழுதியது:

பாமினியை அப்படியே ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் வரும், தேடலுக்கும் அகப்படாது. யூனிகோடு மாற்றியில் போட்டு எடுத்த பிறகு கண்ணால் ஒரு தடவை வாசியுங்கள். ஆங்கிலச் சொல் கலந்த வரிகளில் மாற்றி அந்த ஆங்கிலத்தையும் தமிழாக்கி அர்த்தமில்லாமல் ஆக்கிவிடும். சூத்திரங்களைக் கையால்தான் திருத்த வேண்டும்.

தேடலில் சிக்கல் தமிழின் விகுதிகளால் வருகிறது. "பரம்பல்" என்று தேடுபவருக்குப் "பரம்பலில்", "பரம்பலின்" என்பவையும் வேண்டும். சூலிப்பின் இயல்பான தேடல் ஆங்கிலத்துக்கு அமைந்தது. பிஜிகுரூங்கா என்ற இணைப்பைச் சூலிப்பில் இயக்கினால் எல்லா மொழியிலும் தேடலாம். தமிழும் சிங்களமும் இரண்டும் வரும். சொந்தமாகப் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் எதையாவது கட்டுபவர்களுக்கு: பதிப்பு 12 முதல், விகுதிகளை நீக்கி அடிச்சொல்லை எடுக்கும் தமிழ்ச் சொல்லடி வெட்டி உள்ளேயே இருக்கிறது. மரியாடிபி என்றால் எழுத்துத் தொகுதி யூடிஎஃப்8எம்பி4 என்று உறுதிசெய்யுங்கள்.

வெந்நீரூற்று எழுதியது:

தலைப்பில் கலைச்சொல் ஆங்கிலத்தில் இருக்கட்டும், விளக்கம் அவரவருக்கு வரும் மொழியில். பரீட்சை ஆங்கிலத்தில் என்பதற்காகக் கேள்வியையும் ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும் என்று விதித்தால், பாடம் விளங்காதவர் மொழியும் சேர்ந்து தடுத்து மௌனமாகிவிடுவார். மூன்று மொழியும் அறிந்த பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். தீர்ந்த தலைப்பின் சுருக்கத்தை மற்ற மொழியில் எழுதித் தருவதையும் அந்த மூன்று துண்டில் ஒன்றாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

கிண்ணியாப்பாலம் எழுதியது:

சரி, நம்புகிறேன். அரையாண்டு முடிந்த பிறகு இதெல்லாம் என்னாவது? அடுத்த பட்ச் வரும்போது பழைய பதில்களைப் பார்த்து எழுதினால் ஒப்படைக்கு அர்த்தமில்லையே.

சேர்வர்மூலை எழுதியது:

பழைய சனல்களை அப்படியே காட்டக்கூடாது நானா. பெறுபேறு வந்ததும் சனல்களை ஆவணமாக்கி எழுதுவதை நிறுத்துங்கள். வெந்நீரூற்று மிஸ் சொன்ன சுருக்கங்களில் நல்லவை 20, 30ஐத் தெரிந்து, பெயரை நீக்கி, புதிய வருடத்தின் பொதுச் சனலில் முதல் நாளே போடுங்கள். அடுத்த பட்ச் வெறும் இடத்துக்குள் நுழையாது. ஒப்படை வினாக்களில் எண்களை மாற்றுங்கள். 25ஐ 16 ஆக்கினாலே சுயாதீனப் படி 15, அட்டவணை 2.131 என்று முழுக் கணக்கும் மாறிவிடும்.

மீளாய்வுக்கு மேன்முறையீடு செய்யும் காலம் முடியும்வரை முழுப் பிரதியை வைத்திருங்கள், பிறகு அழியுங்கள். நேரடிச் செய்திகள் முதலில் போகவேண்டும். பேக்கப் தினமும் எடுத்து, ஒரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்கட்டும். அரையாண்டுக்கு ஒரு தடவை அதை வெறும் கணினியில் ஏற்றித் திறக்கிறதா என்று பாருங்கள். தரவுத்தளத்தை மட்டும் எடுத்துவிட்டு ஏற்றிய கோப்புகள் உள்ள அடைவை மறப்பது அடிக்கடி நடக்கும். எழுத்தெல்லாம் திரும்பி வரும், படம் இருந்த இடமெல்லாம் உடைந்த சதுரமாக நிற்கும். மூலிகைத்தோட்டத்தின் பாடத்தில் அப்படி நடந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.